அறியாது ஈந்த மருந்து

உயிர்கட்குத் தனு கரண புவன போகங்களை இறைவன் அளித்தருளினான் என்பது சித்தாந்த நூற்றுணிபு. அங்ஙனம் அளிக்கப்பெற்ற உடம்பு நமக்கு உரிமைப்பொருள் அன்று. மலநீக்கத்தின்பொருட்டு இரவலாகத் தரப்பெற்ற கருவியேயாம். இரவற்பொருளைக் கெடாது பேணுதல் பெற்றவன் கடன். திருமூலநாயனார் முதற்கண் உடம்பை இழிவாகக் கருதியிருந்து, பின்னர் அதனுள் இறைவன் கோயில்கொண்டிருத்தலைக் கண்டு பேணலாயினார் என்பதும் நாம் அறிந்ததே. அவ்வுடம்பிற்கு நோய் வருதல் வினைப்பயன்; அந்நோய்க்கு மருந்தும் மருத்துவனும் உலகில் அமைந்திருத்தல் திருவருட்பயன். ஆகலின் நோய் வினையால் வந்ததென்று கூறி மருந்தை மறுத்தல் சைவர் கொள்கையன்று. புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதன் என்னும் திருப்பெயர் தாங்கி எழுந்தருளிய பெருமானை வழிபடும் நாம் மருத்துவத்தை இகழ்தல் எங்ஙனம் பொருந்தும்?

ஆயின், மருந்துண்ணலாமோ ஆகாதோ என்பது ஈண்டு ஆராயப் புகுந்த பொருளன்று. மருத்துவனை வினவாது கடையில் மருந்து வாங்கி உண்பதும், உண்டது போக எஞ்சியதனை அன்பினாற் பிறர்க்கு ஈவதும் இன்று இல்லந்தோறும் பரவிய வழக்கமாயின. அங்ஙனம் ஈந்த மருந்து தீங்கு விளைத்ததாயின் அஃது ஈந்தவனுக்கு வினையாகுமோ? 'யான் அறியேன்; நன்மை கருதியே கொடுத்தேன்' என்பது போதிய விடையாகுமோ? இவ்வினா யான் ஏட்டிற் கண்டெடுத்ததன்று. என் கை செய்த செயலொன்றிலிருந்து எழுந்தது. ஆகலின் முதற்கண் அதனைக் கூறுவேன்.

பள்ளிப்பணியினின்று ஓய்வுபெற்றபின் யான் அம்பத்தூரில் வாழ்ந்துவருகின்றேன். பிரதோடந்தோறும் வடதிருமுல்லைவாயிலுக்குச் சென்று மாசிலாமணியீசரை வழிபடுதல் வழக்கம். ஆண்டுகள் சிலவற்றிற்கு முன்னர் என் முழங்காலில் வலி தோன்றிற்று. மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து, டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மாத்திரையை ஐந்து நாட்களுக்கு மட்டும் எழுதித் தந்தார். வலி தணிந்தது. பின்னர் அது மீண்டபொழுது யான் மருத்துவரிடம் செல்லவில்லை. வெற்று அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குச் சென்றேன். அட்டையைக் காட்டிய அளவில் மாத்திரை கிடைத்தது. அம்மாத்திரை மருத்துவர் சீட்டின்றி விற்கத்தகாத 'எச்' அட்டவணையைச் சேர்ந்தது என்பதும், அவ்வெச்சரிக்கை மேலுறையிலேயே அச்சிடப்பெற்றுள்ளது என்பதும் அன்று என் கருத்திற் படவில்லை. கடைக்காரர் என்னை வினவவில்லை. யானும் அவரை வினவவில்லை. ஐந்து நாள் மருந்து இரண்டு யாண்டு மருந்தாயிற்று.

வழிபாட்டிற்கு என்னோடு வரும் அன்பர் ஒருவர் உளர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நெடுங்காலம் கடைசல் வேலை செய்து ஓய்ந்தவர். தேவாரத்தைப் பிழையறப் பாடுதல் வேண்டும் என்னும் ஆர்வத்தால் என்பாற் சில பதிகங்களைப் பாடங்கேட்டவர். ஒரு பிரதோடத்தன்று அவர் இடுப்புவலியால் வலம்வர இயலாது மண்டபத்தில் அமர்ந்துவிட்டார். என் கைப்பையில் திருநீற்றுப் பையோடு மாத்திரை அட்டையும் இருந்தது. அதனை எடுத்து அவர் கையில் வைத்து, 'காலையில் ஒன்று, இரவில் ஒன்று, உணவிற்குப்பின் உண்ணுங்கள்' என்றேன். அச்சொல்லை உரைத்தபொழுது என் குரலில் மருத்துவன் மிடுக்கு இருந்தமையை இன்று நினைந்து நாணுகின்றேன். மூன்றாம் நாள் அவர் தொலைபேசியில் அழைத்து, 'ஐயா, வலி இருந்த இடம் தெரியவில்லை' என்றார். யான் மகிழ்ந்து, மேலும் ஓர் அட்டை வாங்கி என் பெயரன் வாயிலாக அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் அவர் மலம் தார்போற் கறுத்துக் கழிய, மயங்கி வீழ்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். இரைப்பையிற் புண் உண்டாகி உள்ளே இரத்தம் ஒழுகிற்று என்று கண்டனர். முன்னரே அவர்க்கு இருதயக் குழாயில் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்திருந்தனர் என்பதும், அதுமுதல் நாடோறும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் உண்டுவந்தார் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன. இளைய மருத்துவர் ஒருவர் கட்டிலருகே நின்று, 'இந்த மாத்திரையை உங்களுக்குக் கொடுத்தவர் யார்?' என்று வினவினார். அன்பர் என்னை ஒருமுறை நோக்கிவிட்டு, 'கடையில் யானே வாங்கினேன்' என்றார். யான் இரண்டு முழத் தொலைவில் நின்றிருந்தேன். வாய் திறந்திலேன்.

மூன்று அலகு இரத்தம் ஏற்றப்பெற்று அவர் பிழைத்தார். பின்னர்த் தனித்திருந்தபொழுது, 'ஏன் அங்ஙனம் கூறினீர்?' என்று கேட்டேன். 'ஐயா, தமிழ் கற்பித்தவரைப் பலர்முன் தலைகுனிய விடலாமோ?' என்றார். அவர் சொல் என்னைக் காத்தது. என் மாத்திரை அவரைக் கொல்லப் புகுந்தது. அன்றிரவு யான் என் மனத்திற்குக் கூறிக்கொண்ட ஆறுதல் ஒன்றே: 'அறியாது செய்தேன்' என்பது. அவ்வாறுதல் உண்மையோ என்பதைப் பலநாள் எண்ணினேன்.

திருமுல்லைவாயிற் றலவரலாறு இதற்கு ஒளி தருகின்றது. தொண்டைமான் குறும்பரோடு பொரச் சென்றபொழுது அவன் ஊர்ந்த யானையின் கால் முல்லைக்கொடியிற் சிக்கிற்று. யானையை விடுவிக்கும்பொருட்டு அவன் வாளாற் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்தினின்று குருதி பெருகிற்று. கொடியின் கீழ்ச் சிவலிங்கத் திருமேனி இருந்தமையை அவன் அறியான். அறிந்தவுடன் அதே வாளைத் தன் கழுத்தில் வைத்தான். பெருமான் வெளிப்பட்டுத் தடுத்து, வெட்டுண்டும் மாசிலாத மணியாய் நின்று அவனை ஆட்கொண்டான். அக்காயம் குளிரும்பொருட்டு அத்திருமேனிக்கு இன்றும் சந்தனக்காப்பு இடப்படுகின்றது. ஆண்டிற்கு ஒருமுறை சித்திரைச் சதயத்தையொட்டியே அது களைந்து புதிதாகச் சாத்தப்பெறும்.

தொண்டைமான் கருதியது தீமையன்று. துன்புற்ற யானையின் விடுதலையே. வாள் பட்டதோ தான் காணாத இடத்தில். மருந்தும் இத்தகையதே. வலியுற்ற இடம் ஒன்று. மருந்து சென்று படும் இடங்கள் பல. வலிநீக்கிகள் உடம்பினுள் எங்ஙனம் தொழிற்படுகின்றன என்பதை 1971ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜான் வேன் என்பார் கண்டறிந்து கூறினார். அவர்க்கு 1982இல் நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது. புரோஸ்டாகிளாண்டின் எனப்படும் பொருள்கள் புண்பட்ட மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. அவ்வினத்துப் பொருள்களே இரைப்பையின் உட்தோலை அமிலம் அரியாது காக்கின்றன. சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதியோட்டத்தையும் பேணுகின்றன. மாத்திரை மூட்டினதை மட்டும் தேர்ந்து தடுப்பதன்று. காவலாய் நிற்பதனையும் உடன் தடுக்கின்றது. இதனோடு, குருதி உறைதலைத் தடுக்கும் ஆஸ்பிரினும் சேருமாயின், புண்ணும் உண்டாம்; புண்ணின் ஒழுக்கும் நில்லாதாம். அன்பர்க்கு நேர்ந்தது இதுவே. எனக்கோ, பின்னர்ச் செய்த குருதி ஆய்வில் கிரியாட்டினின் அளவு மிக்கிருந்தது. இரண்டு யாண்டுப் பழக்கத்தைத் திடுமென விடும்படி மருத்துவர் ஆணையிட்டார்.

அம்மருந்தே பிறிதோரிடத்துச் செய்த கேட்டினையும் ஈண்டு நினைத்தல் தகும். 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து யாண்டுகளுக்குள் இந்தியாவிற் பிணந்தின்னிக் கழுகுகளுள் மூவினம் நூற்றுக்கு 95க்கு மேல் அழிந்தன. காரணம் நெடுநாள் விளங்கவில்லை. நோயுற்ற ஆவினங்களுக்கு வலி தணியக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அவை இறந்தபின் அவ்வுடலைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வாற் புலனாயிற்று. 2006இல் கால்நடைகளுக்கென அம்மருந்தைச் செய்தலை இந்திய அரசு தடுத்தது. மருந்திட்ட உழவன் கழுகைக் கருதினானல்லன். பசுவின் நோவைக் கண்டு இரங்கியே கொடுத்தான். அவன் அன்பு மெய். பறவையின் சாவும் மெய். ஒன்று மற்றொன்றை இல்லையாக்கவில்லை.

பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகளிலும் இம்முறையே காணப்படும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டில் நோபெல் பேருரை ஆற்றியபொழுது ஒரு கற்பனை நிகழ்ச்சியைக் கூறினார். ஒருவன் தொண்டைவலிக்குத் தானே பெனிசிலின் வாங்கிக் குறைந்த அளவில் உண்கின்றான். கிருமிகள் சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகுகின்றன. அவை அவன் மனைவியைப் பற்றி நிமோனியாவை உண்டாக்குகின்றன. அவளுக்குக் கொடுத்த பெனிசிலின் பயன்படாமையால் அவள் இறக்கின்றாள். அவள் சாவிற்குப் பொறுப்பாளி யாவன் என்று வினவி, மருந்தைத் தவறாக ஆண்ட கணவனே என்று அவர் முடித்தார். அக்கணவனும் 'அறியேன்' என்றே கூறியிருப்பான்.

இனித் தடைகளை ஆராய்வாம்.

அன்பே காரணமாயின் குற்றமில்லை என்பார் ஒரு சாரார். அடியார்க்கு அமுதளிக்கும்பொருட்டுச் சூதாடிப் பொருளீட்டிய மூர்க்கநாயனார், எம் ஊர்ப்புறத்துத் திருவேற்காட்டிற் றோன்றியவரே. தந்தையின் தாளை எறிந்த சண்டேசுரநாயனாரும் அன்பினாலேயே உயர்ந்தார் என்று எடுத்துக்காட்டுவர். அற்றன்று. அந்நாயன்மார் தாம் செய்வது இன்னதென்று அறிந்து செய்தனர். அதன் பயன் முழுதையும் தம் தலைமேல் ஏற்றனர். யானோ செய்வது இன்னதென்று அறிந்திலேன். பயன் வந்தபொழுது ஏற்கவும் இல்லை. கண்ணப்பநாயனார் பெருமான் கண்ணிற் குருதி கண்டு முதலிற் பச்சிலை தேடி இட்டார். அது தீர்க்காமையின் தம் கண்ணையே இடந்து அப்பினார். கொடுத்தது தம்முடையதாகலின் இழப்பும் அவருடையதே. யான் கொடுத்தது கடைப்பொருள். இழப்பு முழுதும் அன்பருடையது.

அன்பர் தம் பிராரத்தத்தை நுகர்ந்தார். கொடுத்தவர் அதற்குக் கருவி மாத்திரமே என்பார் பிறிதொரு சாரார். ஒருவர்க்கு வரும் துன்பம் அவர் வினைவழியே வருமென்பது உண்மை. ஆயினும் வினை கூட்டுவிக்கும் கருவிகளுள் அறிவில்லனவும் அறிவுடையனவும் உள. தலையில் வீழும் தேங்காய்க்கு இச்சையில்லை; ஆகலின் ஆகாமியமும் இல்லை. மனிதனுக்கு இச்சை ஞானம் கிரியை மூன்றும் உண்மையின், அவன் செய்கை பிறர்க்குப் பிராரத்தமாதலோடு தனக்கு ஆகாமியமும் ஆம். வினைக்கொள்கையைத் தன் துன்பத்திற் பொறுமைக்காகவும், பிறர் துன்பத்திற் கழிவிரக்கத்திற்காகவும் ஆளவேண்டுமேயன்றி, தன் குற்றத்தை மறைக்கும் போர்வையாக ஆளலாகாது.

அறிந்து செய்வது புத்திபூர்வம், அறியாது செய்வது அபுத்திபூர்வம். பின்னையதன் பயன் மெலிதாய்க் கழுவாயாற் கழியும். ஆகலின் அஞ்சற்க என்பது மூன்றாவது தடை. என் மனம் பற்றிக்கொண்டதும் இதுவே. ஈண்டுத்தான் நுனித்து ஆராய்தல் வேண்டும். அறியாமை என ஒன்றாகச் சொல்லப்படுவது உண்மையில் இருவகைத்து. அறிதற்கு வாயில் இல்லாமையால் உள்ள அறியாமை ஒன்று. வாயில் இருந்தும் வினவாமையால் உள்ள அறியாமை மற்றொன்று. தொண்டைமானது அறியாமை முன்னையது. புதரினுள் மறைந்த திருமேனியை அவனுக்கு உரைப்பார் எவரும் அங்கு இல்லை. என்னது பின்னையது. 'வேறு மருந்து ஏதேனும் உண்கின்றீரோ?' என்று ஒரு வினாவை யான் கேட்டிருப்பின், அன்பர் ஆஸ்பிரின் என்று கூறியிருப்பார். கேட்டற்கு அரை நிமிடமும் ஆகாது. ஏன் கேட்கவில்லை? எனக்குத் தெரியும் என்னும் நினைவே கேட்கவொட்டாது தடுத்தது. என் முழங்காலுக்கு நல்லது அவர் இடுப்பிற்கும் நல்லதாகும் என்று துணிந்தேன். ஆணவமலம் அறிவை மறைப்பதோடு, மறைக்கப்பட்டமையும் தோன்றாது மறைக்கும் என்று மடத்துப் பாடசாலையிற் படித்தேன். நாற்பது யாண்டு பிறர்க்கும் பயிற்றினேன். அது என் கைப்பையில் மாத்திரை அட்டையாய் இருந்ததைக் கண்டிலேன். வினவாமையால் வந்த அறியாமையை அபுத்திபூர்வம் என்று கூறுதல் ஒல்லாது.

இதனினும் கொடியது யாதெனில், அறியாது செய்த தொண்டைமான் உடனே வாளைத் தன் கழுத்தில் வைத்தான். அறிந்திருக்கத்தக்க யான் வாய்மூடி நின்று, வீட்டிற்கு வந்து உண்டு உறங்கினேன்.

ஏழைகட்குக் கடையே மருத்துவன். அவர்களையும் குற்றஞ்சாற்றுவீரோ என்று வினவுவார் உளர். இவ்வினா தக்கது. எம் பகுதியிலே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும், ஆவடி, பூவிருந்தவல்லிப் பட்டறைகளிலும் நாட்கூலிக்கு உழைப்போர் ஆயிரக்கணக்கானவர். மருத்துவமனையில் அரைநாள் காத்திருப்பின் ஒருநாட் கூலி போம். முதுகு நோவினும் ஒரு மாத்திரையை விழுங்கி வேலைக்குச் செல்கின்றனர். அவர்களை நோக்கி அறம் கூறுதற்கு எனக்கு நாவெழாது. காலம் இருந்தும், ஓய்வூதியம் இருந்தும் செல்லாத யானே குற்றவாளி. 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' போலும் திட்டங்கள் நீரிழிவு, குருதியழுத்த நோயாளர்க்கு வீட்டு வாயிலிலேயே மருந்து கொண்டுவருதல் இக்குறையை உணர்ந்தமையாலேயாம். எனினும் ஏழையின் உடம்பும் இறைவன் கோயிலே; விரைவு மிகுந்த இடத்தில் வினா மிகவும் வேண்டும். மருந்து கேட்போனை, 'யார்க்கு? எந்நோய்க்கு? வேறென்ன உண்கின்றார்?' என்று கேட்கும் கடைக்காரர் அவனுக்குச் செய்வது பேருதவி. கேட்கவேண்டும் என்றே சட்டமும் வகுத்துள்ளது. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டமும், 1945ஆம் ஆண்டு விதிகளும் சீட்டின்றி விற்கத்தகாதனவற்றைப் பிரித்துக் காட்டின. 2013இல் 'எச்1' என்னும் அட்டவணை சேர்க்கப்பெற்று, அதிலுள்ள மருந்துகளை விற்றமைக்கு ஏடு வைத்தலும் கடனாயிற்று.

மருத்துவர் கொடுத்ததும், கடையில் முறையாக விற்றதும் கொல்லக் காண்கின்றோமே, வினவி என் பயன் என்பாரும் உளர். 2025ஆம் ஆண்டில் நிகழ்ந்ததனை அவர்கள் கருதுகின்றனர். பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள சுங்குவார்சத்திரத்தில் ஓர் ஆலை செய்த 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமற்பாகினை உண்டு, மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராப் பகுதியில் இருபதின்மருக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அப்பாகில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தமையைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஆய்ந்து கண்டனர். ஆலையின் உரிமம் அவ்வாண்டு அக்டோபரில் நீக்கப்பெற்றது. அந்நஞ்சு புதியதன்று. 1937இல் அமெரிக்காவில் நூற்றுவருக்கு மேற்பட்டோரையும், 1972இல் நம் சென்னையிற் குழந்தைகள் பலரையும் கொன்றது அதுவே.

இது வினவுதலின் பயனின்மையைக் காட்டுவதன்று. வினவவேண்டியவர் பலர் என்பதனையே காட்டுகின்றது. மூலப்பொருளைச் சோதித்தல் ஆலை கேட்கவேண்டிய வினா. இக்குழந்தைக்கு இம்மருந்து வேண்டுமோ என்பது மருத்துவர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினா. இருமற்பாகும் சளிமருந்தும் இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகட்குக் கொடுக்கலாகாது, ஐந்து வயதிற்குட்பட்டார்க்கும் பொதுவாக வேண்டுவதில்லை என்று மத்திய நலவாழ்வுப் பணி இயக்ககம் அவ்வாண்டே அறிவுறுத்தியது. சிறாருடைய சளியும் இருமலும் பெரும்பாலும் தாமே நீங்குவன. நீங்கும்வரை பொறாமையே பாகினைத் தேடச் செய்கின்றது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்திற்கு உறுப்பு நான்கு என வகுத்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்போன் என. நோய் இன்னதென்றும், அது வந்த காரணம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்னரே மருந்து செய்க என்றும் பணித்தார். கடையில் தானே வாங்கி உண்போன் நான்கனுள் ஒன்றை விலக்கிவிடுகின்றான். பிறர்க்குத் தானே கொடுப்போனோ, அருகிருந்து கொடுப்போன் இடத்தினின்று எழுந்து மருத்துவன் இருக்கையில் அமர்கின்றான். சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில், மருத்துவன் சில நோய்களை அறுத்துக் கீறியும், சிலவற்றைப் பாலும் கட்டியும் கொடுத்தும் தீர்த்தல்போல இறைவன் வினையைத் தீர்க்கின்றான் என்னும் உவமை காணப்படும். எதற்குக் கத்தி, எதற்குப் பால் என்று அறிந்தவனே மருத்துவன் என்பது அவ்வுவமையாற் பெறப்படும்.

நாட்டு மருந்தாயின் இத்தீங்கில்லை என்று கருதி ஆறுதலடைவாரும் நம்முட் பலர். மடத்தில் எமக்கு மருந்தளித்த வைத்தியர், நோயாளியை நேரிற் காணாது ஒரு சூரணமும் தாரார்; 'ஆளைக் கொண்டுவா' என்பதே அவர் முதற்சொல். மருந்து எம்முறையதாயினும் ஆராய்ச்சி வேண்டும் என்பதே மரபு.

பாராசிட்டமால் போலும் எளியனவும் இவ்விதிக்குப் புறம்பல்ல. வளர்ந்தோர்க்கு ஒருநாள் எல்லை 4 கிராம். அதனைக் கடப்பின் கல்லீரல் கெடும். சளிக்கென விற்கும் கூட்டுமருந்துகள் பலவற்றுள்ளும் அது கலந்திருத்தலின், காய்ச்சலுக்கு ஒன்றும் சளிக்கு ஒன்றுமாக உண்போர் தாம் அறியாமலே இருமடங்கு உண்கின்றனர். பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டில் ஒரு பொதிக்குரிய மாத்திரைத் தொகையைச் சட்டத்தாற் குறைத்தனர். அதன்பின் அம்மருந்தால் நேர்ந்த இறப்புகள் குறைந்தன. கைக்கும் வாய்க்கும் இடையே சிறிது தடை நின்றமையே பல உயிரைக் காத்தது. வினாவும் அத்தகைய தடையே.

இவ்வழக்கத்தின் முடிவிடத்தையும் குறித்தல் வேண்டும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது நம் சித்தாந்தத்தின் உயிர்நாடி. மருந்தைச் சார்ந்த உயிர் மருந்தின் வண்ணமாகும். தலைவலிக்கு மாத்திரையைத் திங்களில் 15 நாளும் அதற்கு மேலும் தொடர்ந்து உண்போர்க்கு அம்மாத்திரையே தலைவலியை விளைக்கும் என்று மருத்துவ நூலார் கூறுவர். தீர்க்க வந்தது நோயாகவே மாறிவிடுகின்றது. டேப்பென்டடால் முதலிய கடும் வலிநீக்கிகளை இளைஞர் சிலர் மயக்கத்தின்பொருட்டே வாங்கி, நீரிற் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் செய்தி சென்னையிலும் அதன் புறநகர்களிலும் அடிக்கடி கேட்கப்படுகின்றது. அவ்வினத்தைச் சார்ந்த டிரமடாலை 2018இல் போதைப்பொருட் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தனர். அவ்விளைஞரைப் பழித்தல் எளிது. ஆயின் 'சிறிது நோவையும் பொறாதே. ஒன்றை விழுங்கு' என்னும் பாடத்தை அவர்கட்கு முதலிற் கற்பித்தவர் யாவர்? வீட்டுப் பெரியோராகிய நாமே. என் மாத்திரை அட்டையை அன்பர் வீட்டிற்குக் கொண்டுசென்றவன் பதினைந்து வயதுடைய என் பெயரன் அன்றோ!

நோவு பொறுத்தலே சைவம் என்று கூறினேனல்லேன். சுந்தரமூர்த்திநாயனார் திருவொற்றியூரிற் சூளுறவு பிழைத்துக் கண்ணொளி இழந்து, துன்பந் தீர வேண்டிப் பாடிக்கொண்டு முதலில் அடைந்த தலங்களுள் ஒன்று எம் திருமுல்லைவாயில். அவர் வேண்டினார்; வேண்டுதல் குற்றமன்று. பெருமான் அருளிய முறையை நோக்குக. திருவெண்பாக்கத்திற் கிடைத்தது கண்ணன்று, ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண், திருத்துருத்தியில் உடற்பிணி நீக்கம், திருவாரூரில் வலக்கண். ஒவ்வொன்றும் அதற்குரிய இடத்தில், உரிய அளவில் வந்தது. தம்பிரான் தோழர்க்கே மருந்து படிமுறையால் வந்ததெனின், நாம் ஒரு மாத்திரையில் ஒரு நொடியில் யாவும் வேண்டுதல் பேதைமையன்றோ?

இனிக் கழுவாய் யாதெனின், சில கூறுவேன். ஒருவர்க்கு எழுதிய மருந்தைப் பிறர்க்கு ஈயற்க. எழுதிய நாளெல்லையைக் கடந்து உண்ணற்க. உண்ணும் மருந்துகளின் பெயர் யாவும் ஒரு சீட்டில் எழுதி உடன் வைத்திருக்க. கொடுக்க எழும் கையை முதலில் ஒரு வினாவால் நிறுத்துக. அன்பு மிகுதியால் உதவ விரும்பின், மாத்திரையை ஈயாது துணைக்குச் செல்க. நோயுற்றார்க்குத் துணையாய் மருத்துவமனை வரிசையில் நிற்றலும் சிவபுண்ணியமே. தவறு நேர்ந்துவிடின் மறையாது உரைக்க. மறைத்த குற்றம் மருத்துவன் கண்ணையும் கட்டிவிடும்.

இவ்விறுதியைச் செய்தற்கு எனக்கு ஒரு திங்கள் ஆயிற்று. அன்பர் மறுமுறை மருத்துவரைக் காணச் சென்றபொழுது யானும் உடன் சென்று, 'அம்மாத்திரையைக் கொடுத்தவன் யானே' என்றேன். மருத்துவர் சினக்கவில்லை. 'அன்றே சொல்லியிருந்தால், எத்தனை நாள், எந்த அளவு உண்டார் என்று அறிய எளிதாக இருந்திருக்கும்' என்று மட்டும் கூறினார். அன்பர் மீண்டும் என்னைக் காக்க எண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். யான் அவர் கையைப் பற்றித் தடுத்தேன்.

இன்றும் நாங்கள் இருவரும் பிரதோடத்திற்குச் செல்கின்றோம். அவர் மெல்ல வலம்வருகின்றார். என் முழங்கால் நொந்தவாறே உடன் வருகின்றது. என் கைப்பையில் இப்பொழுது திருநீற்றுப்பையும், எங்கள் இருவர் மருந்துகளின் பெயர் எழுதிய சீட்டும் உள. சந்நிதியிற் சந்தனக்காப்பைக் காணுந்தோறும், அறியாது பட்ட காயத்திற்கும் ஆண்டுதோறும் மருந்திடவேண்டும் என்று பெருமான் உணர்த்துவதாகவே எனக்குத் தோன்றுகின்றது.

திருச்சிற்றம்பலம்.